அடுத்த லெஃப்டில் திரும்பினால் போதும்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் வழி தவறிப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தவறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடுகள். பிளாக்குகளுக்கு நம்பர். ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் பதற வேண்டாம், அடுத்த லெஃப்டில் திரும்பி, அதற்கும் அடுத்த லெஃப்டில் திரும்பினால் போக வேண்டிய தெருவுக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்துவிடலாம். தண்ணி போட்டுவிட்டு வருகிறவர்கள்கூட சரியான தெருவுக்குத்தான் வருவார்கள். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு என்பதால் எப்போதாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தால் மனுஷனுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும். என் வீட்டுக்காரருக்கு நிறையவே வந்தது. மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் பிறந்தவர். "போய்க்கினே இருந்தா வந்துடும்" என்பதுதான் அவருடைய மொத்தத் தத்துவம். யாரிடமும் வழி கேட்க மாட்டார். கேட்டால் பர்மனென்ட் வேலையிலிருந்து கான்ட்ராக்டுக்கு இறக்கிவிடுவார்கள் என்று நினைப்போ என்னவோ. நான் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவருக்குக் குஷி வந்தால் என்னை டீச்சரம்மா என்பார், கோபம் வந்தாலும் டீச்சரம்மா என்பார். எது எந்த டீச்சரம்மா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய பிரான்ஸுக்குப் போனாள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருந்த இடத்தில் அப்பா முப்பது வருஷம் சம்பளம் வாங்கினார். இறைத்த தண்ணீர் போக மிச்சம் எங்கே இருக்கிறது என்று தேட மகள் கிளம்பினாள். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் இருந்தது பாரிஸ் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். கடலூரைவிடக் கொஞ்சம் பெரிது, சென்னைக்கு முன்னால் ஒரு மூலைக்குக் காணாது. ஆராய்ச்சியை முடித்தவர்கள் அங்கே ஒருநாள் ஐந்தாறு பேராசிரியர்கள் முன்னால் நின்று பேச வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். கடைசியில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இவர் இனிமேல் டாக்டர் என்று அறிவிப்பார்களாம். அதற்கு எங்களை வரச் சொல்லி மகள் டிக்கெட் எடுத்துவிட்டு, போனில் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நீ வந்துருவ, எனக்குத் தெரியும். அப்பாவ எப்படியாவது கூட்டிட்டு வந்து உக்கார வச்சிரும்மா. இது ஒண்ணுக்காவது அவர் இருக்கணும்."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பத்தாம் வகுப்பில் அவள் ஸ்கூலிலேயே முதலாவதாக வந்து மேடையில் பரிசு வாங்கியபோது இவர் செகண்ட் ஷிப்ட். கல்லூரியில் சேர்த்தபோது ஃபர்ஸ்ட் ஷிப்ட். அவள் விமானம் ஏறிய அன்றைக்கு ஓவர்டைம். இதில் கொடுமை என்னவென்றால், கூட வேலை செய்கிறவர் வீட்டுக் காதுகுத்து என்றால் ஷிப்ட் மாற்றிக்கொடுக்க இவர்தான் முதல் ஆள். "பாவம், அவனுக்கு ஒரே பொண்ணு" என்பார். நமக்கு எத்தனை பெண் என்று நான் கேட்பேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போய் இறங்கிய முதல் நாளே அந்த ஊர் எங்களைப் பந்தாடியது. ட்ராம் வந்து நின்றது. நாங்கள் கதவுக்கு முன்னால் மரியாதையாக நின்றோம். கதவு திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம், ட்ராம் போய்விட்டது. கதவில் ஒரு பட்டன் இருக்கிறது, அதை நாம்தான் அமுக்க வேண்டும் என்பது மூன்றாவது ட்ராமில்தான் தெரிந்தது. ஏறிய பிறகு டிக்கெட்டை ஒரு மிஷினில் காட்ட வேண்டும். கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. ஒரு நாய் சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே போனோம். நாயும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

ரோட்டைக் கடப்பது அதைவிடப் பெரிய கூத்து. நாம் ஓரமாக வந்து நின்றாலே கார்கள் நின்றுவிடுகின்றன. இவருக்கு அது பிடிபடவே இல்லை. கார் போகட்டும் என்று இவர் நிற்பார், இவர் போகட்டும் என்று கார் நிற்கும். கடைசியில் ரோட்டில் இறங்கி, எங்கள் டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச் கேட் செக்யூரிட்டி மாதிரி கையை ஆட்டி ஒவ்வொரு காராக அனுப்பிவைப்பார். அவர்களும் பயந்துபோய்ப் போய்விடுவார்கள். "பாத்தியா, நாம சொன்னா கேக்கறான்" என்று திரும்பி என்னிடம் பெருமை வேறு.

எனக்குத்தான் எல்லாம் தெரிந்தது என்றும் இல்லை. ஒரு கடையில் போய் நேரடியாக ரொட்டி எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "போன்ஜூர்" என்றாள். நான் மறுபடி விலை கேட்டேன். மறுபடி "போன்ஜூர்" என்றாள். நான் வணக்கம் வைக்கிற வரைக்கும் அவள் ரொட்டியை விற்கப்போவதில்லை என்று புரிய எனக்கு நேரமாயிற்று. முப்பது வருஷம் பிள்ளைகளை எழுந்து நின்று குட்மார்னிங் சொல்ல வைத்தவளுக்கு வந்த வினை. அன்றிலிருந்து நான் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் போன்ஜூர் போட்டேன். இவர் யாருக்கும் போடவில்லை. போட்டால் அடுத்து ஏதாவது கேட்க வேண்டி வருமே.

அந்த ஊர்த் தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுசாகக் கட்டிய பக்கம் பரவாயில்லை. பழைய ஊர் என்று நடுவில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே எந்தத் தெருவும் எந்தத் தெருவுக்கும் இணையாகப் போவதில்லை. நேராகப் போகிற மாதிரி பாசாங்கு செய்து மெதுவாக வளையும், நாம் வளைந்ததே நமக்குத் தெரியாது. ஒரே தெருவுக்கு நடுவழியில் பெயர் மாறும். ஒரு சின்ன மைதானம் வரும், அதிலிருந்து ஆறு தெரு பிரியும், ஆறிலும் ஒரே மாதிரி நாற்காலி போட்டு ஒரே மாதிரி ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். சொல்லப்போனால் முதல் இரண்டு நாள் நானும் இவர் கட்சிதான். ஒரு திருப்பத்தை விட்டால் அடுத்த லெஃப்ட் என்றுதான் என் காலும் திரும்பியது. இரண்டு நாளும் நாங்கள் வந்து நின்றது ஆற்றங்கரையில். மூன்றாம் நாள் நான் மகளின் பழைய போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இவர் மட்டும், "ஊர தப்பா கட்டிகினாங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அதே மாதிரி திரும்பிக்கொண்டிருந்தார்.

மகள் பேச வேண்டிய நாளுக்கு முந்தின நாள், தன் சிநேகிதி ஒருத்தி வந்து எங்களை அழைத்துப் போவாள் என்றாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெண்டு மைல் சுத்தளவு மைன்ஸுல இருட்டுல நடந்தவன்மா நான் என்றார். ஒரு வாரமாகத் தாமே ஆராய்ந்து, பொட்டலம் மடித்து வந்த காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தார். ட்ராமில் ஆறாவது ஸ்டாப். இறங்கினால் ஒரு சர்ச். சர்ச்சுக்குப் பின்னால் பல்கலைக்கழகம். படத்தில் எல்லாக் கோடும் நேர்கோடு, எல்லா மூலையும் தொண்ணூறு டிகிரி. கணக்கு டீச்சருக்கே பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. மகள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரிப்பா என்றாள். இரண்டு மணிக்கு ஆரம்பம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் அவள் காலையிலேயே போய்விட்டாள். இவர் புதுச் சட்டையைத் தாமே இஸ்திரி போட்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஷூ மாட்டி நின்றார். ஷிப்டுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் கிளம்பி நான் பார்த்ததில்லை. ட்ராமில் பட்டனை அமுக்கி, டிக்கெட்டைக் காட்டி, ராஜா மாதிரி ஏறினோம்.

மூன்றாவது ஸ்டாப்பில் ட்ராம் நின்றது. டிரைவர் ஏதோ சொன்னார், எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். முன்னால் தண்டவாளம் முழுக்கக் கொடி பிடித்த கூட்டம், மேளம், மைக். நம் ஊரில் பார்க்காத ஊர்வலமா? பென்ஷனோ போனஸோ, எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு நிமிஷம் நின்று, "நல்லா போடறானுங்க கோஷம்" என்று யூனியன் காலத்து ஞாபகத்தில் பாராட்டினார். பிறகு, இப்படி லெஃப்டில் உள்ளே போய், ரெண்டு தெரு தள்ளி ரைட்டில் திரும்பினால் ஆறாவது ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வெளியே வந்துவிடலாம் என்றார். நேரம் நிறைய இருந்தது. நானும் போனேன்.

உள்ளே போனது பழைய ஊருக்குள். முதல் லெஃப்ட் வளைந்தது. ரைட் ஒரு படிக்கட்டில் போய் முடிந்தது. படிக்கட்டுக்கு மேலே ஒரு மருந்துக்கடை. அங்கிருந்து அடுத்த லெஃப்ட், அதற்கும் அடுத்த லெஃப்ட் என்று இவர் முன்னால் போக, கால் மணி நேரம் கழித்து அதே மருந்துக்கடைக்குக் கீழே அதே படிக்கட்டு. போனைப் பார்க்கலாங்க என்றேன். வேண்டாம் என்றார். யாரையாவது கேட்கலாம் என்றேன். கேட்டு என்ன, அவன் பாஷையில் சொல்வான் என்றார். மணி ஒன்றேகால். அந்த ஆறு தெரு பிரிகிற மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை.

அங்கே நான் நின்றுவிட்டேன். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். நடந்தால் இருபத்தைந்து நிமிஷம் என்றது, வலது பக்கத் தெருவைக் காட்டியது. இவர் இடது பக்கம் கையை நீட்டினார். வீடுகளுக்கு மேலே ஒரு கோபுர நுனி தெரிந்தது.

"அதோ சர்ச்சு. கண்ணால பாத்துகினே இருக்கறேன். உன் போனு கழுதை எதிர்ப்பக்கம் காட்டுது."

இந்த ஊரில் எத்தனை சர்ச் இருக்கிறது தெரியுமாங்க என்றேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பரிசளிப்பு விழா, விமான நிலையம், காதுகுத்து எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. நடுத்தெருவில், காபி குடிக்கிற அத்தனை பேரும் பார்க்க, உங்க சர்ச்சுக்கு நீங்க போங்க, எம் பொண்ணுகிட்ட நான் போறேன் என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். "போ டீச்சரம்மா. உனக்கு முன்னால நான் போயி வாசல்ல நிப்பேன்."

அது எந்த டீச்சரம்மா என்று அன்றைக்குக் கண்டுபிடிக்க நான் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்துவிட்டேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன் என்னிடம் இருந்தது. பல்கலைக்கழக விலாசம் எழுதிய சீட்டு என் பையில் இருந்தது. மகளுடைய நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. அவர் கையில் இருந்தது அந்தப் பொட்டலக் காகிதம் ஒன்றுதான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் போனேன். அலையட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன்.

வழியில் ஒரு பெண்ணிடம் போன்ஜூர் போட்டு, போனைக் காட்டினேன். அவள் தன் வேலையை விட்டுவிட்டு இரண்டு தெரு கூடவே வந்து, கட்டடத்தின் வாசலைக் காட்டிவிட்டுப் போனாள். ஒரு வணக்கத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறைக்குள் போய்விட்டேன். வாசலில் அவர் இல்லை.

மகள் முன்னால் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். அப்புறம் லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டாள். அப்பா எங்கே என்று கையைக்கூட ஆட்டிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு வழி நெடுக நான் வசனம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

முக்கால் மணி நேரம் பேசினாள். அப்புறம் கேள்விகள். படங்களைத் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு படத்தில் சுரங்கப் பள்ளமும் அதற்கடியில் நீல நிறத்தில் தண்ணீரும் இருந்தது. எங்கள் ஊர் என்று எனக்குத் தெரிந்தது, பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் ஒரு காது கதவிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதும் திரும்பினேன். பெருமைப்பட வேண்டிய நேரத்தில் மனுஷன் காரில் அடிபட்டிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். வயதான ஒரு பேராசிரியை எதையோ படித்தாள், எல்லாரும் கை தட்டினார்கள், நான் அழுதேன். அந்தச் சந்தோஷம் முழுசாக என்னுடையதாக இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

அவர் வந்தபோது பக்கத்து அறையில் எல்லாரும் ஜூஸும் கேக்குமாக நின்றிருந்தார்கள். ஐந்து மணி இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு ஷூவைக் காலில் அரைகுறையாக மாட்டிக்கொண்டு நொண்டினார், குதிகாலில் கொப்புளம். கூட ஒரு கல்லூரிக் காவலாளி வந்து அவரை உள்ளே விட்டுவிட்டுப் போனார். அந்த ஊரில் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் இல்லை, நாலு மூலையிலும் இருக்கிறது. இவர் மூன்று மூலைக்குப் போயிருக்கிறார். வாசலுக்கு வாசல் நிறுத்தி, தெரிந்த இங்கிலீஷில், மை டாட்டர், மை டாட்டர் என்று கேட்டிருக்கிறார். வாழ்நாளில் யாரிடமும் வழி கேட்காதவர்.

மகள் கிட்டே போனாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். தட்டில் கேக் வைத்துக் கொடுத்து, "வாங்கப்பா, சாப்பிடுங்க" என்றாள். அவர் தட்டை வாங்கவில்லை. முடிஞ்சிடிச்சாம்மா என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா. பரவால்ல. நீங்க வருவீங்கன்னு நான் நெனச்சுக்கவே இல்ல, அதனால எனக்கு ஒண்ணும் இல்ல."

கத்தியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அதிகம் பழகாத விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லட்டும், திருப்பிச் சொல்ல என்னிடம் முப்பது வருஷத்துக் கணக்கு இருக்கிறது என்று நானும் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ட்ராம் நின்னுபோச்சும்மா," என்றார். "எனக்குக் காலு நோவு. நான்தான் உங்கம்மாவ முன்னால போவச் சொன்னேன்."

மகள் தலையாட்டிவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லடி, நான்தான் அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தேன், கையில் ஒரு விலாசம்கூடக் கொடுக்காமல் வந்தேன் என்று ஒரு வரி. ஒரு வகுப்பையே ஒரு அதட்டலில் அடக்கிய வாய், கேக் தின்றுகொண்டிருந்தது.

நாங்கள் திரும்பி வந்தாயிற்று. இன்றைக்கும் மகள் போனில் பேசும்போது, அப்பா வராதது எனக்குப் பழகிப்போச்சும்மா என்கிறாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். எனக்கும் இவருக்கும் சண்டை நிற்கவில்லை. சாம்பாருக்கு உப்பு, கேபிளுக்குப் பணம், மெயின் பஜாருக்கு எந்த ரோட்டில் போவது என்று தினம் ஒன்று நடக்கிறது. எவ்வளவு சூடாகப் போனாலும் நான் நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த அந்த ஒன்றை மட்டும் அவர் எடுப்பதே இல்லை. ஒரே ஒரு தடவை எடுத்து என் மூஞ்சியில் எறிந்தால், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். பாவி மனுஷன், அதற்கும் வழி விடமாட்டேன் என்கிறார்.